ஏலம் கூறிய தொண்டை

ஒவ்வொரு ஆண்டும் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் எனக்குக் குரல் இருக்காது. மராட்டி நாட்டுக் கட்கியில் எங்கள் தமிழ்ச் சபையில் இருபது வருடத்துக்கு மேலாக ஏலம் கூறியவன் நான். ஆராதனை முடிந்ததும், சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த காய்கறி, தேங்காய், வாழைத்தார், கோழி, கேக் எல்லாவற்றையும் வெளியே பந்தலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி விலை கேட்போம். மைக் உண்டு. மைக்கை நம்பி ஏலம் கூறுகிறவன் ஏலக்காரன் இல்லை. மூன்று மணி நேரம் கத்தினால் தொண்டை கட்டும். சுக்குக் காப்பி, உப்புத் தண்ணீர், ஒரு வாரம். எட்டாம் நாள் குரல் தானாகத் திரும்பிவிடும், மேயப் போன மாடு தொழுவத்துக்கு வருவதுபோல.

அந்த வருடம் மாடு வரவில்லை.

இதுதான் என் முதல் அறிகுறி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. குரல் மட்டும் கரகரத்தது. வேறு யாராக இருந்தாலும் மூன்றாம் வாரம் டாக்டரைப் பார்த்திருப்பார்கள். என்னிடம் காரணம் தயாராக இருந்தது. "ஏலம் போட்ட தொண்டை, அப்படித்தான் இருக்கும்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கிறிஸ்துமஸ் வந்தது. கேரல் பாடப் போன வீடுகளில் வாயை மட்டும் அசைத்தேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி ஒரு கரகரப்பு இருந்தால், அதற்கு நீங்கள் வைத்திருக்கும் காரணத்தை நம்பாதீர்கள். மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவதோடு நின்றவன். தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஃபிட்டர். படிப்பு என்று எனக்கு இருந்ததெல்லாம் பிறர் வாயிலிருந்து பொறுக்கியவைதான். பஸ்ஸில், கேண்டீனில், கறிக்கடை வரிசையில் யார் நல்லதாக ஒரு சொல் சொன்னாலும் முடிந்து வைத்துக்கொள்வேன். என்னோடு லேத்தில் நின்ற மராட்டிக்காரர் ஒருவர் சொல்வார்: பேசுகிறவனுடைய கொள்ளும் விற்கும், பேசாதவனுடைய கோதுமையும் விற்காது. அது என் ஊழியத்துக்கே தலைப்புபோல் இருந்தது. கொள்ளையெல்லாம் கோதுமை விலைக்கு விற்றவன் நான்.

பணக்காரர்களைச் சீண்டுவதுதான் என் வித்தை. "ஒட்டகம் ஊசிக் காதுல நுழையணும்னா மொதல்ல முதுகுச் சுமைய எறக்கணும். எறக்குங்க பிரதர், இன்னும் கொஞ்சம் எறக்குங்க!" என்பேன். சிரிப்பு கிளம்பும், விலை ஏறும். ஐசுவரியத்தைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் சபையில் கேட்ட அத்தனையும் எனக்கு ஏலச் சரக்காகத்தான் பயன்பட்டது. இதை நோய் வந்த பிறகுதான் யோசித்தேன்.

அந்தக் கடைசி ஏலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் அது இல்லாமல் எதுவும் விளங்காது.

தாபோடியில் ஞானமணி என்று ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். எங்கள் நெல்லைப் பக்கத்துக் குடும்பம். அவர் மனைவி எஸ்தர் அன்றைக்கு இரண்டே இரண்டு பாகற்காயைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தாள். விரல் நீளம்தான் இருக்கும். அதைத் தூக்கிப் பிடித்ததும் கூட்டம் என் வாயைப் பார்த்தது. ஏலக்காரனுக்கு அந்தப் பார்வை கள் மாதிரி.

"என்னங்க இது, ஏழாம் மாசத்துலயே பொறந்திருச்சா? கண்ணாடிப் பெட்டியில வைக்க வேண்டியதக் கூடையில வச்சிருக்காங்க! ஏம் ஞானமணி, இஸ்திரி போட்டாவது நீட்டிக் கொண்டாந்திருக்கலாம்லா? இந்த நீளத்துக்கு மோட்சத்துல வீடு கிடைக்காதுவே, காம்பவுண்டுக்கு வெளியதான் நிக்கணும்!"

பந்தல் அதிர்ந்தது. மகர்பட்டாவில் இருக்கும் ஜெயசீலன் பிரதர், சொந்தமாகத் தொழில் செய்கிறவர், ஒரு வாழைத்தாருக்குக்கூட யாரும் கேட்காத விலையை அந்த இரண்டு பாகற்காய்க்குக் கேட்டார். கைதட்டல். ஞானமணியும் சிரித்தார். எஸ்தரைத் திரும்பிப் பார்த்தபோது அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சபைக்கு வரவில்லை. நானும் போய் விசாரிக்கவில்லை.

ஜனவரியில் என் மகள் ஷீபா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் மகர்பட்டாவில் வேலை செய்கிறாள், மராட்டிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா இறந்த பிறகு கட்கி வீட்டில் நான் தனிதான். ஃபோனில் என் குரலைக் கேட்டு, "அங்கிள், அப்பாகிட்ட குடுங்க" என்றாள். நான்தான் அப்பா என்றதும் மறுநாளே லீவு போட்டு வந்துவிட்டாள்.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர் இளவயது மராட்டிப் பெண். இந்தியில்தான் பேசுவார். திரையைப் பார்த்தபடியே, சித்தப்பா முறை வைத்து, "காகா, எத்தனை நாளாக இப்படி?" என்றார். நான் ஏலக் கதையை ஆரம்பித்தேன். அவர் பாதியில் கையைக் காட்டினார். எழுபது வயதை நெருங்கும் என் வாழ்க்கையில் என் பேச்சை யாரும் அப்படி நிறுத்தியதில்லை.

பயாப்சி (சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். குரல் நாண் ஒன்று அசையவே இல்லை. மருந்தும் கதிர்வீச்சும் மட்டும் போதாத நிலை. லாரிஞ்செக்டமி (குரல்வளை முழுவதையும் எடுத்துவிடும் அறுவை) செய்ய வேண்டும். அதன்பின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு இருக்காது. கழுத்தில் வைக்கும் ஒரு துளைதான் சாகும்வரை மூச்சுக்கு வழி.

"குரல் போய்விடும். நீங்கள் இருப்பீர்கள்" என்றார் டாக்டர்.

"குரல் போன பிறகு நான் எங்கே இருப்பேன்?" என்று கேட்டேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தவளை தன் வாயால் கெடும் என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். இரண்டையும் நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டும் சேர்ந்து என் மடியில் உட்கார்ந்திருந்தன.

வீட்டுக்கு ஜெயசீலன் பிரதர் வந்தார். பழக்கூடை கொண்டுவந்தார். முழங்காலில் நின்று ஜெபித்தார். பிறகு சொன்னார்: "பிரதர், சர்ஜரிக்கு இப்பவே தலையாட்டினா ஆண்டவருக்கு நாம டைமே குடுக்கலன்னு ஆகிடும். விசுவாசிக்கு ஆசீர்வாதந்தான் அடையாளம். பணத்துலயும் சரி, உடம்புலயும் சரி. கொஞ்ச நாள் உபவாச ஜெபம் வைப்போம். கட்டி கரைஞ்சிடும். நீங்களே மைக்ல சாட்சி சொல்லுவீங்க."

வாசலைத் தாண்டும்போது திரும்பிக் கேட்டார்: "மறைஞ்ச பாவம் ஏதாச்சும் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க பிரதர். அதான் அடைச்சிக்கிட்டு நிக்கும்."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் ஆசைக்கு அவர் பெயர் வைத்தார், அவ்வளவுதான். குரலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்கு விசுவாசம் என்ற நல்ல சட்டை கிடைத்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். டாக்டர் ஃபோன் செய்தால் எடுக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் இரண்டு பயம் என்னைத் தின்றது. ஒன்று, வாயால் அறிக்கையிடுகிறவனுக்கே இரட்சிப்பு என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. வாயே போனவன் அங்கே எதைக் காட்டி உள்ளே போவான்? மற்றொன்று, மறைந்த பாவம் என்றதும் நினைவில் எழுந்து நின்ற முகம். வேறெதுவும் இல்லை, எஸ்தரின் முகம்தான். வாயால் கெடுத்ததை வாயால்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் குரல் இருக்கும்போதே என்று தோன்றியது.

கட்கியிலிருந்து தாபோடி ஒரே ஸ்டேஷன். லோக்கலில் உட்காருவதற்குள் முளா ஆறு கடந்துபோகும். போனேன். இஸ்திரி வண்டி தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் மராட்டியில், "ஊருக்குப் போயிருக்காங்க, மகளையும் கூட்டிக்கிட்டு. எப்ப வருவாங்கன்னு தெரியாது" என்றாள். அவர்கள் ஃபோன் அணைந்திருந்தது. எழுதிக் கதவிடுக்கில் போடலாமா என்று யோசித்தேன். எழுதிக் கொடுத்தால் அது மனு. ஏலத்தில் நான் அவர்களைப் பற்றி எழுதிக் கொடுக்கவில்லையே, கத்தியல்லவா சொன்னேன்? திரும்பி வந்தேன்.

நான் அறுவையைத் தள்ளிப்போடுவது ஷீபாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "அப்பா, நீங்க ரொம்ப ஜித்து பண்றீங்க. அந்த அங்கிள் மேல இருக்கிற பரோசா டாக்டர் மேல இல்லையா? எனக்கு உங்க ஆவாஸ் வேணாம். நீங்க வேணும்" என்றாள். பிடிவாதம், நம்பிக்கை, குரல் மூன்றுக்கும் இந்திச் சொல்தான். அவள் தமிழ் எப்போதும் இப்படித்தான், பாதி வழியில் இந்தி வண்டியில் ஏறிக்கொள்ளும். நான் கேலி செய்வேன். அன்று செய்யவில்லை. கண்ணோ கையோ இடறல் உண்டாக்கினால் அதை எறிந்துவிட்டு ஊனமாய் ஜீவனுக்குள் போவது மேல் என்ற போதனையை நான் கேட்டதுண்டு. அது குரல்வளைக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டேன். இந்தத் தாமதத்தில் கட்டி வளர்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான் கத்தியையே எடுத்திருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

கடைசியாக என் சொந்தக் குரலில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஒரு ஸ்தோத்திரம், பிறகு மகளின் பெயர். அறுவை அறைக்குள் ஒரு பணியாளர் குனிந்து இந்தியில் ஏதோ கேட்டார். "நக்லி தாந்த் நஹீ ஹை" என்றேன். பொய்ப்பல் கட்டவில்லை என்று அர்த்தம். அதுதான் கடைசி. அறுபத்தெட்டு வருடம் பேசிய வாய் அதோடு கடையைச் சாத்தியது.

விழித்தபோது கழுத்துக்கு முன்னால் யாரோ மூச்சுவிடுவதுபோல் இருந்தது. நான்தான். மூக்கில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் உணவு. தொண்டையின் தையல் ஆறும்வரை வாய்வழியாகத் தண்ணீர்கூடக் கிடையாது. நாக்கு காய்ந்த தோல்போல் ஒட்டிக் கிடந்தது. வேதத்தில் பணக்காரன் ஒருவன் செத்துப்போய் அக்கினியில் நின்று, உயிரோடு இருந்தபோது தன் வாசலில் புண்ணோடு கிடந்த ஏழையின் விரல் நுனியை நனைத்துத் தன் நாக்கைக் குளிரச் செய்யும்படி கெஞ்சுவான். நடுவே பெரும்பிளப்பு, யாரும் தாண்ட முடியாது. இதையும் நான் ஏலத்தில் விற்றிருக்கிறேன்: "அங்க போய்த் தண்ணிக்குக் கெஞ்சாதீய, இங்கயே இளநிய வாங்கிருங்க!" என்று.

அவன் கேட்டது ஒரு சொட்டுதான் என்பதை அந்தக் கட்டிலில் கவனித்தேன். நர்ஸ் ஈரத் துணியால் உதட்டைத் துடைப்பாள். அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் பிளப்பு மறுபடியும் விழும். நெருப்பைவிட அந்த இடைவெளிதான் நரகம் என்று நினைத்தேன். கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் எல்லாரும் இருப்பது.

ஷீபா சிலேட்டு வாங்கி வந்தாள். நான் தமிழில் எழுதினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுகிற அவசரத்தில் நான் கற்றுக்கொடுக்கவே இல்லை. பிறகு தேவநாகரி எழுத்தில் தமிழை எழுதினேன். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பதை அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டு, "பக்டியா? யாரோட பக்டி?" என்றாள், தலைப்பாகையை இந்தியாக்கி. விளக்கி எழுதச் சிலேட்டில் இடமில்லை. அழித்துவிட்டு 'தண்ணீர்' என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் கூட்டம். அப்புறம் இல்லை. வந்தவர்கள் என்னிடம் சத்தமாகப் பேசினார்கள், எனக்குக் காது போய்விட்டதுபோல. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே பேச்சு தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் பேச்சு தீர்ந்ததாக வரலாறு கிடையாது. எண்ணெய் ஊற்றுகிறவனாக நான் இருந்தேன். என்னைத் தேடி வருகிறார்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சைத் தேடி வந்திருக்கிறார்கள்.

ஃபோன் அடிக்கும். எடுப்பேன். "ஹலோ? ஹலோ?" என்பார்கள். விரலால் தட்டுவேன். வைத்துவிடுவார்கள். தெருவில் காய்க்காரன் போனால் கூப்பிட முடியாது. சூடான டீயை ஊதி ஆற்ற முடியாது, வாயில் காற்றே இல்லை. வாசனையும் போய்விட்டது, அடுப்பில் பருப்பு கருகிப் புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. நீங்கள் என்னைப்போலத் தனியாக இருந்தால் காஸ் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவி ஒன்று வையுங்கள். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் மூடுங்கள். ஈரத் துணி கட்டிக்கொண்டால் தூசி இறங்காது. இதெல்லாம் பழகும். பகல் பொழுதில் ஒரு மனிதக் குரல்கூட விழாத வீடு மட்டும் பழக நாளாகும்.

ஏப்ரல், மே வெயிலில் கதிர்வீச்சு. முகத்தின் அச்சில் செய்த வலை முகமூடியைப் போட்டு, அசையாதபடி மேசையோடு பூட்டிவிடுவார்கள். ஆறு வாரம். எச்சில் பசைபோல் ஆனது. ருசி ஒவ்வொன்றாகப் போனது; முதலில் இனிப்பு, பிறகு உப்பு. எதைத் தின்றாலும் அட்டைப்பெட்டி.

அந்த நாட்களில் ஜெயசீலன் பிரதர் ஒரு தடவை வந்தார். சாட்சி சொல்ல வேண்டியவன் கழுத்தில் ஓட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சம். பழக்கூடை இல்லை, ஜெபிக்கவும் இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்து, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

'ஆமாம். இன்னும்' என்று சிலேட்டில் எழுதினேன்.

"எனக்கு இதயத்துல அடைப்புன்னு சொல்லிருக்காங்க. ரெண்டு மாசமாச்சு. ஜெப குரூப்ல யாருக்கும் சொல்லல. சொன்னா எனக்கே விசுவாசம் இல்லன்னு நினைப்பாங்க" என்றார். காரை எங்கள் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். 'நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்' என்று எழுதிக் காட்டினேன். சிறுவனைப்போலத் தலையாட்டினார். அவர் முதுகுச் சுமை பணம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அவருக்கு அறுவை நடந்தது, நன்றாக இருக்கிறார்.

மழைக்காலத் தொடக்கத்தில் எனக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் அது அதிரும். வாயை அசைத்தால் அதிர்வு சொல்லாகும். ஏற்ற இறக்கம் கிடையாது. ஷேவிங் மெஷின் ஜெபம் பண்ணுவதுபோல் இருக்கும். பயிற்சி கொடுத்த பெண், "மெதுவாக, காகா, கொஞ்சமாக" என்று தினமும் சொன்னாள். கொஞ்சமாகப் பேசக் கற்றுக்கொண்டதும் லோக்கல் ஏறினேன்.

தாபோடியில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஞானமணி தகரக் கூரைக்கு அடியில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்துத் துணியைப் பார்த்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அண்ணாச்சி... கேள்விப்பட்டேன். வரணும்னுதான் இருந்தேன்."

கருவியை வைத்து, "மன்னிச்சிருங்க" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பால் வாங்க நின்றவர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "ஏலத்துல... சொன்னதுக்கு" என்றேன். சிரிப்பு கொஞ்சம் கூடியது. சரிதான், அன்றைக்கு அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஞானமணி தேய்த்த சட்டையை மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். "எங்கிட்ட எதுக்கு? அவ உள்ள இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க" என்றார்.

ஒற்றை அறை. ஜன்னல் கம்பியில் பாகற்கொடி ஏறிப் படர்ந்திருந்தது. வேர் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில். எஸ்தர் கையால் முக்காலியைத் தள்ளினாள். அவளிடமும் அதையே சொன்னேன். அவள் என் கழுத்தைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்த்தாள்.

"எம் மகளுக்கு ஏழு மாசத்துலயே பிள்ளை பொறந்துச்சு. கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. அன்னைக்குத்தான் இந்த வெதையப் போட்டேன். செடி பிழைச்சா பிள்ளையும் பிழைக்கும், மொதக் காய ஆண்டவருக்குக் கொண்டுவாரேன்னு பொருத்தனை. பண்டிகையன்னைக்குப் பிள்ளை பெட்டியிலதான் இருந்துச்சு."

நான் சொன்ன ஏழாம் மாதமும் கண்ணாடிப் பெட்டியும் அந்த அறைக்குள் வந்து நின்றன.

"நீங்க சொன்னதாலதான் போச்சுன்னு நான் சொல்லல. நுரையீரலு வளரலன்னாரு டாக்டரு. ஆனா மூச்சு நின்னப்ப எங்காதுல அந்தப் பந்தல் சிரிப்புத்தான் கேட்டுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஞானஸ்நானம் குடுக்கல. பேருகூட வைக்கல. அது எங்க இருக்கும் அண்ணாச்சி? காம்பவுண்டுக்கு வெளியவா?"

நான் போதகர் இல்லை. வேதபாடம் படித்தவன் இல்லை. மோட்சத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. ஆனாலும் இருபது வருடம் அதைக் கூவி விற்றேன். வெளியே என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. அதைத் திரும்ப எடுக்க வேண்டியவனும் நான்தான். எத்தனை சொல் சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் உதவவில்லை. கருவியைத் தாடையில் அழுத்தினேன்.

"உள்ள" என்றேன்.

அவள் திரும்பிக் கருவியைப் பார்த்தாள்.

"மொதல்ல... உள்ள."

ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் கேலி ஏறாது, நடிப்பு ஏறாது. கெஞ்சவும் முடியாது. என் பழைய குரல் இதைச் சொல்லியிருந்தால் எஸ்தர் நம்பியிருப்பாளா என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் என் பழைய பயம் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் போன சிசு உள்ளே இருக்கிறது என்று சொன்னவன், வாயில்லாத தனக்கு மட்டும் கதவு திறக்காது என்று எப்படிப் பயப்படுவான்?

எஸ்தர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரல அண்ணாச்சி. வந்தா சொல்லுவேன்" என்றாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "சோறு இருக்கு. தின்னுட்டுப் போங்க. செடி பிழைச்சிருச்சு, காய்க்கத்தான் செய்யுது."

பாகற்காய் வறுவல். மென்றேன். நாக்கின் அடியில் ஏதோ சுருக்கென்றது. நிறுத்தி, மறுபடியும் மென்றேன். கசந்தது. சில மாதத்துக்குப் பிறகு என் வாய்க்கு முதலில் திரும்பி வந்தது கசப்பு. நான் இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினேன். அவள் கேட்காமல் போட்டாள்.

நவம்பரில் மறுபடியும் அறுப்பின் பண்டிகை. புதிதாக ஏலம் கூறியவர் ஐ.டி. வேலை செய்யும் இளைஞர், மைக்கை நம்புகிறவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாதி ஏலத்தில் ஒரு பை நிறையப் பாகற்காய் மேசைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசல் பக்கம் ஞானமணி நின்றார். எஸ்தர் வரவில்லை.

"பாகற்காய், யாரு கேக்கறீங்க?" என்றார் இளைஞர். நான் கையைத் தூக்கினேன். ஜெயசீலன் பிரதர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுத் தன் கையை மடியில் வைத்துக்கொண்டார். வேறு யாரும் கேட்கவில்லை.

"ஒரு தரம்" என்றார்.

இருபது வருடம் இதைச் சொன்னவனுக்கு அதன் நடுவில் இருக்கும் நேரம் தெரிந்ததில்லை. மூன்றையும் சேர்த்து உதறிவிட்டு அடுத்த பொருளுக்குக் கை நீட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய்க் கேமரா போட்டுப் பார்க்கிறார்கள். இதுவரை ஒன்றுமில்லை. அடுத்ததில் என்ன இருக்கும் என்று டாக்டரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

"ரெண்டு தரம்" என்றார் அவர். பைக்கு அடியிலிருந்து சீட்டு ஒன்று விழுந்திருக்க வேண்டும், குனிந்து தேடினார். பந்தல் காத்திருந்தது. கழுத்துத் துணி காற்றில் உள்ளே ஒட்டியது, வெளியே புடைத்தது. மறுபடியும் ஒட்டியது. தூக்கிய கையை நான் இறக்கவில்லை. மூன்றாம் தரம் சொல்ல அவர் இன்னும் நிமிரவில்லை.